என் அக்காவுக்குச் சேர்ந்த புண்ணியம்

அவையை ஆளும் அன்புத் தலைவி, ஆயிரம் பேருக்கு ஊசி போட்டும் அலுக்காத நர்ஸ், மணமகளின் அத்தை அவர்களே! மூட்டுவலியை மறந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் தாங்கியிருக்கும் தாய்மார்களே! பசித்தும் பந்திக்கு ஓடாத பண்பாளர்களே! மாப்பிள்ளையின் தாய்மாமன் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

சுருக்கமாகப் பேசு என்கிறார் தலைவி. மைக்கைப் பிடித்த இந்த மாமன் என்றைக்குச் சுருக்கிப் பேசியிருக்கிறான் தாயே?

இதோ இரண்டு சம்பந்திகள். ஒருவர் என் அத்தான், கடிகாரம் பழுதுபார்ப்பவர், இந்து. மற்றவர் தையற்காரர், பௌத்தர். வினையின் பலனை அனுபவித்தே தீர வேண்டும் என்பது இருவருக்கும் பொது. பிறந்து இறந்து மீண்டும் பிறக்கும் சம்சாரச் சுழல் இருவருக்கும் பொது. அறத்தை நாங்கள் தர்மம் என்றால் அவர்கள் தம்மம் என்பார்கள். சுழலிலிருந்து விடுபடுவது எங்களுக்கு மோட்சம். ஆசைத் தீ அவிந்து அடங்குவது அவர்களுக்கு நிர்வாணம். இவ்வளவு நெருங்கி நிற்கும் இரண்டு வீட்டுக்கு நடுவே சண்டை எங்கே வரும்?

எங்கே என்று பின்வரிசைத் தம்பி கேட்கிறார். பெண் வீட்டில் நடந்த நிச்சயதார்த்தத்தில் வந்தது ஐயா!

அத்தான் பாசம் பொங்கி, ஏழேழு பிறவிக்கும் மணமக்கள் சேர்ந்து பிறக்கணும் என்று வாழ்த்திவிட்டார். தையற்காரர் முகம் சுண்டிப்போயிற்று. பிறவியே துக்கம் என்று கேட்டு வளர்ந்தவர் அவர். பெற்ற பெண்ணுக்கு இத்தனை துக்கமா? ஆனாலும் மனிதர் விழுங்கிக்கொண்டார்.

அப்போது அத்தான் சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் பார்த்துக் கண் கலங்கினார். படத்தில் இருப்பவள் என் அக்கா. போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தையற்காரருக்கு மனசு கேட்கவில்லை. தன் வீட்டில் எப்படித் தேற்றுவார்களோ அப்படியே தேற்றினார். எதுவும் நிலையில்லை, அநித்தியம். ஆன்மா என்று ஒன்றே கிடையாது, அனாத்மா. பிடித்துக்கொள்ள ஏதுமில்லை என்று தெரிந்தால் மனசு ஆறிவிடும் என்றார். ஆறுதல் ஐயா, அவர் கணக்கில் அது ஆறுதல்!

அத்தான் எழுந்துவிட்டார். "அப்போ என் பொண்டாட்டி எங்கே போனா?"

ஆன்மாவுக்கு அழிவில்லை, அவள் எங்கோ இருக்கிறாள் என்ற நம்பிக்கையில்தான் அந்த மனிதர் ஒரு வாய் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம் வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். என் மருமகன், இன்றைய மாப்பிள்ளை, உடைந்துபோனான். பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சில நாள் கழித்து, அத்தானின் கடிகாரக் கடைக்கு வந்தார் தையற்காரர். நான் அங்கேதான் இருந்தேன். அத்தான் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. வந்தவரை உட்காரச் சொல்லவும் இல்லை. நின்றபடியே பேசினார் அவர்.

"ஆன்மா இருக்குன்னு பொய் சொல்ல எனக்கு வராது சம்பந்தி. ஆனா இன்னிக்கு உங்க வீட்டம்மாவை நினைச்சு நாலு பேருக்குச் சோறு போட்டேன். அந்தப் புண்ணியம் அவங்களுக்குச் சேரட்டும்னு சொல்லிட்டு வந்தேன்."

அத்தான் நிமிர்ந்தார். "ஆன்மாவே இல்லைன்னா யாருக்குய்யா சேரும்?"

"தொடர்ச்சி இருக்குன்னு பிக்குகள் சொல்வாங்க. எனக்கு விளக்க வராது. எங்கப்பா போனப்பவும் செஞ்சேன். செய்யாம இருக்க முடியல."

அன்புள்ள பெரியோர்களே! ஆன்மா உண்டு என்பவர் அழுதார்! ஆன்மா இல்லை என்பவரும் அழுதார்! ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்கள். இரண்டு பேரையும் பார்த்து நானும் அழுதேன். வாதத்தில் யார் வென்றார்? ஒருவரும் இல்லை. இன்றைக்குக் காலையில்கூடச் சமையல்கட்டுக்குப் பக்கத்தில் நின்று அதே சண்டைதான். என் அக்கா எங்கே இருக்கிறாள் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. அவளை நினைத்து இரண்டு வீடு அடுப்பு மூட்டுகிறது, அது தெரியும்.

அன்றைக்கு அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார், அடுத்த வருஷமும் சோறு போடுவீங்களா என்று. இருக்கிறவரைக்கும் போடுவேன் என்றார் தையற்காரர். அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அப்போ உட்காருங்க. கல்யாணத் தேதியைப் பேசுவோம். சம்பந்தியா நானும் வந்து பரிமாறணுமில்ல?"

பசி பொறுத்த உங்களுக்கு நன்றி. மணமக்கள் மனம்போல் வாழ்க! வணங்கி அமர்கிறேன்.