மே மாதத்தில் படுத்துக் கிடந்தவர்

அசராமல் அவை நடத்தும் தலைவர் அவர்களே, முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் மூத்தோர்களே, பனிமான் கறியை அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் காப்பிக் கோப்பைக்குப் பின்னால் முகம் மறைத்திருக்கும் என் கணவர் மிக்கால் அவர்களே, வணக்கம்.

வடதுருவப் பனிநிலத்தில் பனிமான் மேய்த்து வாழும் நம் சாமி இனத்தாரின் திரைப்பட விழாவைத் தொடங்கிவைக்க என்னை அழைத்தார்கள். சென்ற ஆண்டு விழாவில் நடந்ததைச் சொல்லப்போகிறேன். சொல்ல மாட்டேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன். சிரியுங்கள், சிரியுங்கள். வாக்குத் தவறுவதில் நாங்கள் பொருத்தமான தம்பதி.

சென்ற ஆண்டு மே மாதம் என் தங்கை மகளுக்குத் திருமுழுக்கு. ஞானத்தந்தை யார்? மிக்கால். தேவாலயத்துக்கு வராதவர் யார்? அதே மிக்கால். "முதுகு பிடிச்சுக்கிச்சு கிர்ஸ்தி, பொரண்டுகூடப் படுக்க முடியல" என்றார். நம்பினேன். ஒத்தடம் கொடுத்துவிட்டுத் தனியாகப் போனேன். ஞானத்தந்தை நோயுற்றதால் வரவில்லை என்று போதகர் தேதியோடு பதிவேட்டில் எழுதினார்.

இலையுதிர் காலத்தில் விழா வந்தது; இதே அரங்கில் நம் ஊர்ப் பெண் சுன்னா எடுத்த படம் ஓடியது. கிழக்குப் பள்ளத்தாக்கில் பனிமான்கள் குட்டி ஈனுகின்றன. கழுகு வட்டமிடுகிறது. நமக்கு முதுகைக் காட்டியபடி ஒரு மனிதர் பாய்கிறார், பாறை தாவுகிறார், பள்ளம் தாண்டுகிறார், குட்டியை அள்ளுகிறார். பதினாறு ஆண்டாகப் பார்த்த முதுகு எனக்குத் தெரியாதா? பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

படம் முடிந்து கலந்துரையாடல். அந்தப் பள்ளத்தாக்கில் காற்றாலை நட வந்திருந்த அதிகாரி எழுந்தார். "எங்க வரைபடத்துல அது வெறும் நிலம். மே மாசம் அங்க மானும் இல்ல, மனுசனும் இல்ல. இது எப்ப எடுத்தது? யார் அந்த ஆளு?"

"பேரும் தேதியும் சொல்ல மாட்டேன்னு அவருக்குச் சத்தியம் பண்ணிட்டேன்" என்றாள் சுன்னா.

எழுந்தால் வீட்டில் போர். எழாவிட்டால் பள்ளத்தாக்கே போகும். என்ன செய்வார்?

மிக்கால் எழுந்தார். "நான்தாங்க அது. மே ரெண்டாவது ஞாயிறு."

"தேதிக்கு என்ன சாட்சி?"

நான் எழுந்தேன். "போதகர்கிட்ட கேளுங்க. இவரு வராத தேதியை எழுதி வச்சிருக்காரு. படுத்துக் கிடந்தவரு எங்க ஓடினாருன்னு இப்பத்தானே எல்லாரும் பார்த்தோம்."

அரங்கம் அதிர்ந்தது. அப்போது நடு வரிசையிலிருந்து ஒரு குரல்: "நானும் அன்னைக்கு அங்கதான் இருந்தேன். பல்லு புடுங்கப் போறேன்னு வீட்ல சொல்லியிருந்தேன்." இன்னொருவர்: "நான் மறுநாள் போனேன். மாமியாருக்குத் தெரிய வேணாம்." மாமியார் அவர் பின்னாலேயே அமர்ந்திருந்தார். ஒருவர் பின் ஒருவராகப் பதினோரு பேர் எழுந்தார்கள், ஐயா. பதினோரு பொய்கள் சேர்ந்து ஓர் உண்மையைத் தூக்கி நிறுத்தின. அத்தனை பேரும் கையெழுத்துப் போட்ட பிறகு, அந்த வரைபடத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. பள்ளத்தாக்கில் ஒரு தூணும் எழவில்லை.

திரும்பும் வழியில், "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அந்த உண்மை எனக்கும் வலித்தது.

ஆகவே, அன்புடையோரே, படம் முடிந்து விளக்கு எரிந்ததும் வாசலுக்கு ஓடாதீர்கள். நம் நிலத்தை வெறும் நிலம் என்று யாராவது சொன்னால், எழுங்கள். "அங்கே நான் இருந்தேன்" என்று சொல்லுங்கள். வீட்டில் திட்டு விழும். விழட்டும். திட்டு வாங்க வீடும், மான் மேய்க்க நிலமும் இருக்கும்.

இருக்கையில் இருந்து கேட்டவர்களுக்கும், நெளிந்துகொண்டே கேட்டவருக்கும் நன்றி. வணக்கம்.