நாற்பது இடத்துக்கும் ஒரே படம்

சத்தியமாகச் சொல்கிறேன். இதில் ஓர் எழுத்து பொய் என்றாலும் என் வாயில் இருக்கிற பல் அத்தனையும் இங்கேயே கொட்டிவிடட்டும். மிச்சம் நாலுதான் இருக்கிறது. இருந்தாலும் சத்தியம் சத்தியம்தான்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். விளக்கை யார் அணைத்தது?... சரி, அணைத்தது அணைத்ததாகவே இருக்கட்டும்.

இது என் சகலையின் தம்பிக்கு நடந்தது.

மத்தியானம் இரண்டரை மணி. ஊருக்கு வெளியே ஒரு தார் ரோடு. இரண்டு பக்கமும் பூட்டிய கிடங்குகள். ஆள் நடமாட்டம் கிடையாது. தூறல்... தகரக் கூரையில் விழுகிற சத்தம் மட்டும்...

"பேய் பகல்லகூட வருமா பெரியப்பா?"

"ஏன், அதுக்கு நைட் ஷிஃப்டுதான்னு யாராவது எழுதிக் குடுத்திருக்காங்களா? வாயை மூடிட்டுக் கேளுடா."

அந்த ரோட்டின் கோடியில் ஓர் அஞ்சலிக் கூடம். செத்தவர்களைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, சொந்தபந்தம் கடைசியாகப் பார்த்துவிட்டுப் போகிற இடம். சகலையின் தம்பிக்கு அங்கே திரையில் படம் ஓட்டுகிற வேலை. படக்காரன் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் அவனுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும். கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை, வேலையோடு சேர்த்துக் கொடுத்தது. ஒரு கட்டில், ஒரு கெட்டில், ஒரு தட்டு. பெண்டாட்டி பிள்ளை இல்லை. அண்ணன்காரன் என்றைக்காவது போன் செய்வான். எடுத்தால், "சாரி, வேற யாருக்கோ போட்டேன்" என்று வைத்துவிடுவான்.

வேலை சுலபம். போனவருடைய படங்கள் மெல்லிய இசையோடு ஒவ்வொன்றாகத் திரையில் வந்து மறைய வேண்டும். ஆளாளுக்குப் புதிதாகச் செய்ய யாருக்கு நேரம்? எல்லோருக்கும் ஒரே டெம்ப்ளேட். அதில் நாற்பது இடம். ஒவ்வோர் இடத்திலும் படம் இருக்காது; படத்தின் பெயர்தான் எழுதியிருக்கும். பழைய ஆளின் பெயர்களையெல்லாம் தேடி, புது ஆளின் பெயர்களாக மாற்று என்று கம்ப்யூட்டரில் ஒரு தட்டு தட்டினால் போதும்... நாற்பதும் மாறிவிடும். புல்லாங்குழல் அதேதான். கடைசியில் வருகிற சூரிய அஸ்தமனமும் அதேதான். அந்த ஊரில் பாதிப் பேர் ஒரே சூரியனோடுதான் மறைந்திருக்கிறார்கள்.

ஒரு தடவை ஓர் இடம் மாறாமல் விட்டுப்போயிற்று. ஒரு டீச்சரம்மாவின் படங்களுக்கு நடுவே, முந்தின நாள் போன கசாப்புக் கடைக்காரர் கையில் கத்தியோடு வந்து நின்றுவிட்டார்.

மேனேஜரம்மா அன்றைக்குக் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னொரு வாட்டி ஒரு வீட்டு ஆளு இன்னொரு வீட்டுப் படத்துல தலையைக் காட்டினாரு, அன்னிக்கே நீ ரூமைக் காலி பண்ணிடணும். சரியா?"

சரி என்றான். காலி பண்ணிவிட்டுப் போக இடம் இல்லாதவன் வேறென்ன சொல்வான்?

அந்த இரண்டரை மணிக்கு, குடையை உதறிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். உள்ளே பெட்டியில் இருந்தவருக்கு வீடு வாடகைக்குக் கொடுத்தவர். ஒரே ஒரு போட்டோவை நீட்டினார்.

"இது ஒண்ணுதாம்பா இருந்துச்சு. யாரும் வர மாட்டாங்க. நானும் பஸ்ஸைப் பிடிக்கணும்."

போய்விட்டார்.

படத்தில் ஒரு மனிதர். பிஸ்கட் கலர் ஸ்வெட்டர், சட்டைப் பையில் ஒரு சீப்பு. நடுவில் நிற்கவில்லை... ஓரத்தில் நின்றார், பக்கத்தில் பத்துப் பேர் இருக்கிற மாதிரி ஒதுங்கி. பக்கத்தில் வெறும் சுவர். முகம் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

ஆள் வந்தாலும் வராவிட்டாலும் படம் ஓட வேண்டும். கூடத்து விதி அது. நாற்பது இடம் இருக்கிறது, படமோ ஒன்று. மிச்ச இடத்தில் சாம்பல் நிறக் கட்டமும் பெருக்கல் குறியும் வரும். பாவம், அதையா ஒரு மனிதனுக்குக் கடைசி மரியாதையாகக் காட்டுவது? படக்காரன் நாற்பது பெயரையும் அந்த ஒரே பெயராக மாற்றிவிட்டு, ஓட்டினான். ஆளில்லாத கூடத்தில் ஓடுகிறதே என்று முதல் வரிசையில் போய் உட்கார்ந்தான்.

ப்ரொஜெக்டர் விசிறியின் கிர்ர்ர்... சூடான தூசு வாசனை... தரை கழுவிய ஃபினாயில்.

ஒரே முகம். மறைந்தது. வந்தது. மறைந்தது. வந்தது...

பாதி தூரம் போனபோதுதான் கவனித்தான். காது தெரிந்த இடத்தில் கன்னம் தெரிந்தது. அப்புறம் மூக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை... கடைசிப் படத்தில் அவர் நேராகப் பார்த்தார். பார்ப்பதற்கு அந்த வரிசையில் ஓர் ஆள்தான் இருந்தான்.

சூரியன் மறைந்தது.

எழுந்து ஓடியிருப்பான். அதற்குள் வாசலில் கார்கள் வந்து நிற்கிற சத்தம். அடுத்தவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். சொந்தம் மட்டுமே ஓர் ஊர்வலம் இருக்கும்.

டெம்ப்ளேட்டைத் திறந்தான். நகல் எடுக்காமல் மூலத்தின் மேலேயே சேமித்துவிட்டிருந்தான். நாற்பது பெயரும் ஒரே பெயராகிவிட்டன. இனி மொத்தமாக மாற்றினால் வாத்தியாரும் ஒரே படமாக நாற்பது தடவை வருவார். ஒவ்வொன்றாகக் கையால் அடித்தான். இரண்டு தடவை சரிபார்த்தான். அவனுடைய கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கூடத்துத் திரையில் முதல் படம் வந்தது. வாத்தியாரின் கல்யாணம். மாப்பிள்ளை, பெண், இரண்டு வீட்டாரும்... ஓரத்தில் பிஸ்கட் கலர் ஸ்வெட்டர்.

படக்காரன் பின்சுவரில் சாய்ந்துகொண்டான். அடுத்த படம், கடற்கரை. ஈர மணலில் அவர். அடுத்தது, பேரக்குழந்தைக்கு முதல் சைக்கிள். பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு அவர். மனசுக்குள் கட்டிலையும் கெட்டிலையும் மூட்டை கட்ட ஆரம்பித்தான்.

முன்வரிசையில் கிசுகிசுப்பு.

"யாருக்கா அது, ஸ்வெட்டர் போட்டவரு?"

"உங்க சித்தப்பா வழி ஆளுடி."

"எங்க வழியா? இல்லவே இல்லை. உங்க மாமியார் வீட்டு ஆளு."

"ஆமா, எங்க வீட்டு ஆளு எவன் சீப்பு வெச்சுத் தலை வாருறான்? எல்லாம் வழுக்கை!"

பெரிய மகள் மூக்கைச் சிந்தினாள். "யாரா இருந்தா என்ன? அப்பா கூட எப்பவும் இருந்திருக்காரு பாருங்க. ஐயோ... அவருக்கு யாராவது சொல்லி விட்டீங்களா?"

யாரும் சொல்லவில்லை. பெரிய சண்டையாகிவிட்டது.

மேனேஜரம்மா படக்காரன் முதுகில் தட்டினாள். "இன்னிக்குத்தான்யா ஒழுங்கா ஓட்டியிருக்கே."

அதற்கப்புறம் யார் போனாலும், யார் படம் ஓடினாலும், ஓரத்தில் அவர் நின்றார். எல்லா வீட்டிலும் அவரை அடையாளம் தெரிந்தது... இன்னொருவர் வழிச் சொந்தமாக. படக்காரன் புது டெம்ப்ளேட் செய்திருக்கலாம். செய்யவில்லை. காலையில் கூடத்தைத் திறந்ததும், "வந்துட்டீங்களா?" என்று வெறும் திரையைக் கேட்பான். பாத்திரக் கடையிலிருந்து இன்னொரு தட்டு வாங்கி வந்தான்.

பிறகு ஒரு நாள்... மருந்துக்கடைக்காரரின் குடும்பப் படம். பிள்ளைகள், மருமக்கள், மடியில் குழந்தைகள். நெருக்கியடித்து நிற்கிறார்கள், மூச்சுவிட இடமில்லை. ஓரத்தில் அவர். அவருக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவில் மட்டும் ஓர் இடைவெளி. ஓர் ஆள் நிற்கிற அகலம். அவருடைய கை அந்த வெறும் இடத்தில் அந்தரத்தில் இருந்தது, ஒரு தோளைப் பிடித்திருக்கிற உயரத்தில்.

பின்சுவரில் சாய்ந்திருந்த படக்காரனுக்கு அந்துருண்டை வாசனை வந்தது. பெட்டியில் பல வருஷம் மடித்து வைத்த கம்பளியின் வாசனை. இடது தோளில் ஏதோ கனத்தது... தட்டிவிடவில்லை. எத்தனை காலம் கழித்து அவன் தோளில் ஒரு கை!

மறுநாள் கூடம் திறக்கவில்லை. மேனேஜரம்மா பின்னறைக் கதவைத் தள்ளினாள். கட்டில் விரித்தபடி. செருப்பு வாசலில். கெட்டில் இன்னும் முனகிக்கொண்டிருந்தது. இரண்டு தட்டும் கழுவிக் கவிழ்த்திருந்தன. ஆள் இல்லை. போலீசுக்குக் கொடுக்க ஒரு போட்டோ தேடினார்கள். அவனை யாரும் எடுத்ததே இல்லை.

வேலைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். அதே டெம்ப்ளேட், கம்ப்யூட்டரில் அதே ஒரு தட்டல், நாற்பதும் மாறின. அன்றைக்கு ஒரு தையல்காரம்மாவின் படம் ஓடியது.

"ஓரத்துல நிக்கிறாங்களே, யாரு அந்த ரெண்டு பேரு?"

"அவங்களா? உங்க அத்தை வழி. எங்க போனாலும் ஒண்ணாத்தான் வருவாங்க."

இவ்வளவுதான் நடந்தது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

படக்காரன் இதில் ஒரு வார்த்தையைக்கூட யாரிடமும் சொன்னதில்லை.