இரண்டு சொட்டு தேங்காயெண்ணெய்

பழவங்காடியில் பஸ் சிக்னலுக்கு நின்றபோது, எனக்கு முன் சீட்டில் இருந்தவர் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்: "மாலுவோட சைக்கிள் பிரேக் கீச்சு கீச்சுன்னு கத்திண்டே இருந்துதே. நேத்து ரெண்டு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டேன். கப்சிப்."

"எங்கே விட்டேள்?"

"சக்கரத்து நடுவிலே வட்டமா ஒரு தகடு இருக்கே, அதிலேதான்."

அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, அதிலே விரல்கூடப் படப்படாதுன்னு கடைக்காரன் படிச்சுப் படிச்சுச் சொன்னானே! எண்ணெய் பட்டா பிரேக் பிடிக்கவே பிடிக்காது. மழையிலேயும் நிக்கணும்னுதானே, வளைஞ்ச ஹேண்டில் சைக்கிள்லேயும் அந்தத் தகட்டைப் பிடிக்கற டிஸ்க் பிரேக் வச்சதாப் பார்த்து வாங்கினா?"

"அப்படின்னா காலம்பற ஓட்டும்போதே அவளுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"எங்கே ஓட்டினா? பொன்முடி மலை உச்சி வரைக்கும் சைக்கிளை சிநேகிதாளோட ஜீப்பிலேன்னா ஏத்திண்டு போயிருக்கா. இறக்கம் மட்டும்தான் ஓட்டப் போறா."

அவர் பதறிப்போய் போனை எடுத்தார். மகளின் குரல் செய்தி ஒன்று ஏற்கெனவே வந்து கிடந்தது. தட்டியதும் பஸ் முழுக்கக் கேட்டது.

"அப்பா, பிரேக் சத்தமே இல்லை கேட்டோ! இதோ, இறங்கப் போறோம்."

அவர் அழைத்தார். ரிங் போய்க்கொண்டே இருந்தது.