முள்ளங்கி பாயசம்

படம் முடிந்து வெளியே வருகிறவர்களின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தால் பெங்களூரில் பல குடும்பங்கள் நிம்மதியாக இருக்கும். நான் யாரையும் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் அது பிழைப்பு. ஆனால் ஒரு மனிதன் பார்க்கிங் சீட்டைத் தேடிச் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருக்கும்போது கேட்கிற கேள்வியா அது?

வீணா மேடம், நீங்கள் என்னைத் தமிழிலேயே எழுதச் சொன்னது நல்லதாகப் போயிற்று. ஸ்டேஷன் ரைட்டர் கன்னடத்தில் மாற்றிக்கொள்வார் என்றீர்கள். அவரை நேரங்களை மட்டும் கவனமாகப் பார்க்கச் சொல்லுங்கள். மணி நிமிடத்தோடு எழுதுவது என் பழக்கம். பதினாறு வருடமாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். அடுத்தவர் செய்து வைத்ததில் ஓட்டை கண்டுபிடிக்கிற வேலை. கண்டுபிடித்தால் மட்டும் போதாது, எப்போது வந்தது, திரும்ப வருமா, எப்படி அடைப்பது என்றும் எழுத வேண்டும்.

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஊரே பார்த்தது. ஒருவனுடைய மகளை யாரோ கடத்திக்கொண்டு போகிறார்கள். போலீசுக்குத் துப்பு கிடைக்கவில்லை. மன்னிக்க வேண்டும், படத்தில்தான். தகப்பனே தேடிப் போய், கதவை உடைத்து, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு, நானும் என் மனைவி தமயந்தியும் மகள் தாரணியும் பார்த்தோம். தாரணிக்கு ஒன்பது வயது. பாப்கார்ன் முழுவதையும் இடைவேளைக்கு முன்பே முடித்துவிட்டாள்.

வெளியே மைக் வந்தது. நான் பெரிய மனுஷத்தனமாக, "எமோஷன் ஓகே, லாஜிக் கொஞ்சம் இடிக்குது. ஒரு அப்பாவா எனக்கு கனெக்ட் ஆச்சு" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். மைக் கீழே இறங்கித் தாரணியிடம் போயிற்று.

"பாப்பா, உன்னை யாராச்சும் தூக்கிட்டுப் போனா உங்கப்பா இப்படி வந்து காப்பாத்துவாரா?"

அவள் எதையும் யோசிக்காமல் சொல்கிற பெண் இல்லை. கொஞ்சம் யோசித்தாள். "அம்மா வருவாங்க. அப்பாக்கு மீட்டிங் இருக்கும்."

பதினொரு விநாடி வீடியோ அது. திங்கட்கிழமை மத்தியானம் ஆபீஸ் கேண்டீனில் ஹரிஷ் அதை எல்லோருக்கும் போட்டுக் காட்டினான். அதற்கப்புறம் நான் சீக்கிரம் கிளம்புகிறேன் என்று எழுந்தாலே யாராவது, "பாப்பாவை அம்மா பாத்துக்குவாங்க பாலா, நீ மீட்டிங்குக்கு வா" என்பார்கள். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். தமயந்தி அதை வாட்ஸப்பில் ஸ்டேட்டஸாக வைத்தபோதும் சிரித்தேன். ஆனால் வலித்தது. எனக்கு ஒரே மகள், அவள் என்னைப் பற்றி வைத்திருக்கிற அபிப்பிராயம் பதினொரு விநாடியில் முடிந்துவிட்டது. அதை மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். எந்தத் தகப்பனும் நினைப்பான்.

எனக்குத் தெரிந்த வழியில் ஆரம்பித்தேன். ஜனங்கள் அந்தப் படத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தேன். யூடியூபில் நானூற்றுச் சொச்சம் கருத்துகள் படித்தேன். அடுத்த வாரம் இரண்டு நாள் தியேட்டர் வாசலிலேயே போய் நின்று, வெளியே வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டேன். படத்துக்குள் போகவில்லை, அதுதான் பார்த்தாயிற்றே. எல்லாவற்றையும் ஒரு பட்டியலாகப் போட்டதில் மூன்று ஓட்டைகள் தேறின.

முதலாவது, இந்தக் காலத்துக் குழந்தை முன்பின் தெரியாதவன் கூப்பிட்டால் வண்டியில் ஏறுமா என்பது. எல்லோரும் கேட்ட கேள்வி இது. இரண்டாவது, கடத்துகிறவன் பணம் கேட்டு ஃபோன் பண்ணுவது. சலித்துப் போன சங்கதி, அதை எடுத்துவிட்டாலே போதும். மூன்றாவதைச் சொன்னது பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மா. பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டே படியிறங்கினார். "அந்தப் பொண்ணு உள்ள எப்படித் தவிச்சுதுன்னு காட்டவே இல்லையே. பொசுக்குனு வந்து தூக்கிட்டுப் போயிட்டான். தவிப்பு தெரிஞ்சாத்தானே காப்பாத்துனதுக்கு ஒரு மதிப்பு?" எவ்வளவு சரியான பேச்சு. நான் அதை அந்த இடத்திலேயே ஃபோனில் குறித்துக்கொண்டேன்.

முதல் ஓட்டையை அடைப்பது சுலபமாக இருந்தது. தாரணியை உட்கார வைத்து, நமக்குள் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்வோம் என்றேன். யாராவது அப்பா அனுப்பினார் என்று சொல்லி வந்தால் அந்த வார்த்தையைக் கேள், சொன்னால் மட்டும் போ என்றேன். இப்போது பல வீடுகளில் இருக்கிற ஏற்பாடுதான், பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். வார்த்தையை அவளையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். "முள்ளங்கி பாயசம்பா. இதை யாரும் தெரியாத்தனமா கூட சொல்ல மாட்டாங்க" என்றாள். டெஸ்டர் பெண் இல்லையா. அம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்டாள். வேண்டாம், இது நம் இரண்டு பேருக்கு மட்டும் என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த வாரம் முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உண்மையைச் சொன்னால் அவள் பிறந்ததிலிருந்து நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்தது அந்த வாரத்தில்தான்.

சில்வெஸ்டர் மேல் எந்தத் தப்பும் இல்லை, இதை ரைட்டர் அழுத்தியே எழுதட்டும். அவர் விவேக் நகர்க்காரர், எங்கள் கம்பெனிக்கு வேன் ஓட்டினவர். மாதா கோயில் கிறிஸ்மஸ் நாடகத்தில், குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ஏரோது ராஜாவாக வருடா வருடம் வருவது அவர்தான். குழந்தைகளைக் கண்டால் மிட்டாய் எடுத்து நீட்டுகிற ஏரோது. அவரிடம் குறும்படம் என்று சொன்னேன். குழந்தைக்குத் தெரியாமல் எடுத்தால்தான் முகத்தில் இயல்பு வரும், கேமராவை மறைத்து வைத்திருக்கிறோம், அவள் அம்மாவுக்கும் தெரியும் என்றேன். நடிகர் அல்லவா, ஒப்புக்கொண்டார்.

இடம் ஆனேக்கல் பக்கம் நான் வாங்கிப் போட்டிருக்கிற சைட். சிமெண்ட் மூட்டை வைக்க ஒரு அறை கட்டியிருந்தோம். மேலே தகரம், ஒரு இரும்புக் கதவு, பலகை அடித்த ஒரு ஜன்னல். உள்ளே பாய், இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு வாளி வைத்தேன். நான் ஒன்றும் முரடன் இல்லை.

சனிக்கிழமை பத்தரைக்குத் தாரணியின் டிராயிங் வகுப்பு முடியும். தமயந்தி பத்து நாற்பதுக்குத்தான் போவாள். அந்தப் பத்து நிமிடத்தில் சில்வெஸ்டர் வார்த்தையைச் சொன்னார், அவள் ஏறிக்கொண்டாள். பதினொன்றே காலுக்கு அவர் எனக்கு ஃபோன் செய்தார். "வந்துட்டோம் சார். நல்லா பேசுது பாப்பா. அப்பாதானே அனுப்பினாரு, அப்பாதானேன்னு மூணு வாட்டி கேட்டுச்சு." கதவைப் பூட்டிவிட்டுப் போகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். தமயந்தி அழுதுகொண்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள், நானும் கூட வந்தேன். எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தீர்கள். சர்க்கரை தூக்கலாக இருந்தது, ஆனால் அந்த நேரத்தில் அது வேண்டியிருந்தது. நான் தனியாகப் போய்த் தேடுகிறேன் என்று சொன்னபோது நீங்கள் என் தோளைத் தட்டினீர்கள். படத்திலும் தகப்பன் தனியாகத்தான் போகிறான்.

நான்கு மணிக்குச் சைட்டுக்குப் போனேன். சில்வெஸ்டர் மனசு கேட்காமல் அங்கேயே திரும்பி வந்து நின்றிருந்தார்.

"கேமரா எங்க சார்?"

உள்ளே இருக்கிறது என்றேன்.

"உள்ள தோசைக்கல்லு மாதிரி காயுது சார். ஏப்ரல் வெயிலு. சாக்கு பண்ணிடுங்க சார், போதும், கட் சொல்லுங்க. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு."

சரி, முடிந்துவிட்டது, நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவர் கையைக் குலுக்கி அனுப்பினேன். நம்பிப் போனார். மறுநாள் யாரோ அனுப்பின, காணவில்லை என்ற படத்தில் தாரணியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் ஓடி வந்திருக்கிறார். பாவம்.

உண்மையில் அன்று ஆறு மணிக்கே முடித்துவிடுவதாகத்தான் இருந்தேன். கடப்பாரை தயார். நெற்றியைச் சுவரில் உரசி ஒரு கீறலும் போட்டுக்கொண்டேன், படத்தில் அந்தக் கீறலை எல்லோரும் ரசித்திருந்தார்கள். கதவில் காதை வைத்தேன். உள்ளே தாரணி பன்னிரண்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். அழுகை இல்லை, கூப்பாடு இல்லை. பன்னிரண்டு ஏழு எண்பத்து நான்கு. அந்தப் பச்சைப் புடவை அம்மா சொன்னது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. இப்போது கதவை உடைத்தால் பொசுக்கென்று போய்விடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன்.

இரவைப் பற்றி எழுத அதிகம் இல்லை. நான் காரில் தூங்கினேன்.

ஞாயிறு காலையிலிருந்து கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எட்டரைக்கு அவள் முதல் தடவை அப்பா என்று கூப்பிட்டாள். மேடம், உங்களுக்குக் குழந்தைகள் இருக்கிறார்களா தெரியாது. அம்மா என்று கூப்பிடவில்லை, அப்பா என்று. நேரத்தை ஃபோனில் குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் அவள் பேசினாள், அதைக் கொஞ்சம் பொறுத்து எழுதுகிறேன்.

மூன்று நாற்பதுக்குக் கதவை உடைத்தேன். இரண்டு அடிதான், கீல் ஏற்கெனவே தளர்த்தி வைத்தது. தாரணி பாயில் இல்லை, கதவுக்கு அருகில் தரையில் கிடந்தாள். உடம்பு கொதித்தது, வியர்வை இல்லை, கண்ணைத் திறக்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அந்த நேரத்தில்தான் உங்கள் ஜீப் வந்தது. தமயந்தி இறங்கி ஓடி வந்து அவளை என் தோளிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். பின்னால் சில்வெஸ்டர் நின்று அழுதார். ஒரு துணை நடிகரால் மொத்தமும் கெட்டுப் போனது. பரவாயில்லை, அவர் நல்ல மனிதர்.

தாரணி பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். சிறுநீரகம் தேற நாளாகும் என்றும் சொன்னீர்கள். இன்று காலை அவள் பேசினாள் என்று சொல்லி, அவள் பேசியதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். வார்த்தையைச் சொன்னதால்தான் வண்டியில் ஏறினேன், அந்த வார்த்தை அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், அதனால் அப்பாதான் வெளியே இருக்கிறார் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். இதுதான் அவள் சொன்னது. பிறகு நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்து, உள்ளே அவள் பேசியது உங்களுக்குக் கேட்டதா என்று கேட்டீர்கள். அதற்குத்தான் இவ்வளவு தூரம் எழுதி வந்தேன்.

கேட்டது. எல்லாம் கேட்டது. ஒன்பது மணிக்கு அவள் சொன்னாள்: "அப்பா, நீங்க வெளிய இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். அந்த வீடியோக்காகத்தானே? நான் மாத்திச் சொல்றேம்பா. எங்கப்பாதான் வந்தாருன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். கதவத் திறங்க." நான் மூச்சுவிடும் சத்தம்கூட வராமல் உட்கார்ந்திருந்தேன். பத்தேகாலுக்குத் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்றாள். பத்து ஐம்பதுக்கு டிராயிங் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கதவுக்கு அடியில் தள்ளினாள். அதில் ஐந்து நட்சத்திரம் வரைந்து, மஞ்சள் பென்சிலால் அழகாக நிரப்பியிருந்தாள். கீழே 'எங்கள் அப்பா' என்று எழுதியிருந்தாள். நீங்கள் என்னிடமிருந்து எடுத்து வைத்த பர்ஸில் இருக்கிறது, நான்காக மடித்தது. அதைத் தொலைத்துவிடாதீர்கள், எனக்குத் திரும்ப வேண்டும்.

அப்போதே ஏன் திறக்கவில்லை என்பீர்கள். கட்டாயத்தில் வாங்கின கருத்து செல்லாது மேடம், எங்கள் தொழிலில் இது பாலபாடம். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அந்த நிமிடம் திறந்திருந்தால் நான் பூட்டினவனாக இருந்திருப்பேன், காப்பாற்றினவனாக இல்லை. அவளுக்கு அது மறந்து போகும் வரை பொறுக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டே காலுக்குப் பேச்சு நின்றது. கதவைப் பிறாண்டுகிற சத்தம் ஒன்றேகால் வரை வந்தது. அதற்குப் பிறகும் இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம், நிச்சயப்படுத்திக்கொள்வதற்காக, உட்கார்ந்திருந்தேன்.

இதில் எதையும் நான் மறுக்கவில்லை. கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும், அவள் நன்றாகத் தேறின பிறகு, தமயந்தி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து அவளிடம் அந்தப் பழைய கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். சின்னப் பெண்தான், ஆனால் பொய் சொல்ல மாட்டாள். அந்தக் கதவை உடைத்துக்கொண்டு கடைசியில் வந்தது அவள் அம்மா இல்லை. நான்தான் வந்தேன்.