மூக்கு வழியே எடுத்த கட்டி

திருத்துறைப்பூண்டி பேருந்தில் எனக்கு முன் சீட்டிலிருந்த பெண், டிக்கெட் கொடுத்த கண்டக்டரிடம் சத்தமாகச் சொன்னாள்.

"இவரு மண்டைக்கு அடியில இருந்த கட்டிய மூக்கு வழியாவே எடுத்துட்டாங்கண்ணே! டாக்டரே இந்த மாதிரி ரெண்டாவது தடவதான் பாக்குறாராம். ஒட்டியிருக்குற மிச்சத்துக்கு ரேடியேஷன் கரண்ட் வைக்கணுமாம்."

பக்கத்தில் மூக்கில் பஞ்சு வைத்த கணவர். அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, மிராசுதார் மகன் மம்பட்டிக் காம்பால அடிச்சதுலதான் கண்ணு கெட்டுச்சுன்னு கோர்ட்டுல சொன்னோமே. டாக்டர் கண்ணக் கெடுத்தது கட்டிதான், அது தானா வந்ததுங்கிறாரு. கேஸ் நிக்குமா?"

"கட்டி தானா வந்துச்சு. குத்தகை வயல்ல நின்னவன் மண்டையில காம்பும் தானா வந்து விழுந்துச்சா?"

"போன வாய்தாவுல அடிச்சவனக் காட்டுன்னா, பக்கத்துல நின்ன வக்கீலக் காட்டுனீங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

அடிபட்டவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அன்னிக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது புள்ள. இப்பப் பாரு." ஜன்னலுக்கு வெளியே விரலை நீட்டினார். "அந்த வரப்புல ஒரே ஒரு கொக்கு. சரியா?"

"சரிதாங்க! ஒண்ணுதான்!"

"வியாழக்கிழமை கோர்ட்டுலயும் இதே விரல்தான்."