சர்க்கரை தூக்கலாக ஒரு டீ

என் தம்பிக்கு டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும், சார். அந்தப் பழக்கம் என்னால் வந்தது.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனை வளர்த்தது நான். எனக்கு மருந்துக் கடையில் வேலை. அவன் படிப்பைப் பாதியில் விட்டான், தொழிற்பயிற்சியில் சேர்ந்து அதையும் விட்டான். அப்புறம் வீட்டோடு இருந்துவிட்டான். நான் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. “இந்தக் காலத்துல இப்படி ஒரு அக்காவா” என்று தெருவே சொல்லும். கேட்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அவன் சோம்பேறி இல்லை. இன்டர்வியூ என்றால் முதல் நாளே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவைப்பான். காலையில் நான் டீ கொடுப்பேன். சளிக்குத் தரும் மாத்திரைகளில் எது ஆளைத் தூக்கத்தில் தள்ளும் என்று கடையில் நிற்பவளுக்குத் தெரியாதா? பொடித்துப் போட்டால் லேசாகக் கசக்கும். அதற்குத்தான் சர்க்கரை. மத்தியானம் எழுந்து, மாட்டியபடியே தொங்கும் சட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

“நான் எதுக்குமே லாயக்கில்லக்கா.”

“விடுடா, நான் இருக்கேன்ல.”

அப்போது சின்னப்பிள்ளை மாதிரி என் மடியில் தலை சாய்ப்பான். எனக்கு வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்.

போன வாரம் எனக்குத் தெரியாமலே அட்டைப்பெட்டி செய்யும் ஆலையில் வேலை வாங்கிவிட்டான். அட்டை வெட்டும் இயந்திரத்தில். “தனியா ரூம் பாக்கறேன்க்கா. உனக்கு எத்தன நாள்தான் பாரமா இருக்கறது?” என்றான். பாரம் என்று நான் எப்போதாவது சொன்னேனா?

வேலைக்குப் போகும் முதல் நாள் காலையிலும் டீ கொடுத்தேன். படுத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். இத்தனை வருஷம் குடித்த உடம்புக்கு அது பழகிப்போயிருந்தது. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, கண்ணைக் கசக்கியபடி கிளம்பினான். எந்த இயந்திரத்தின் முன்னால் நிற்கப்போகிறான் என்று எனக்குத் தெரியும். வாசலில் நின்று பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை.

இரண்டு கையும் மணிக்கட்டோடு போய்விட்டது.

“தூங்கி வழிஞ்சேன், என் தப்புதான்” என்று எல்லோரிடமும் சொல்லி அழுகிறான். அதைத் தாங்க முடியாமல்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். அவன் தப்பு இல்லை சார், நான்தான் செய்தேன்.

எழுதிக்கொண்டு சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு நேரம். நர்ஸ் ஊட்டினால் அவன் சாப்பிட மாட்டான், இனி அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?