'ஒருதலைக் காதலன்' அட்டை

எங்கள் அலுவலகத் தேநீரை வாயில் வைக்க முடியாது, ஐயா. அதனால்தான் தினமும் பதினொரு மணிக்குத் தெருமுனைக் கடையில் இரண்டு கோப்பை வாங்கி, ஒன்றை அவள் மேசையில் வைப்பேன். நான்கு வருடம் வைத்தேன். அவள் ஒரு நாளும் குடித்ததில்லை. ஆறிப்போனதை நானே குடித்துவிடுவேன். எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

நாங்கள் அகராதி தயாரிக்கிறவர்கள். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. மேலே சொல், நடுவில் பொருள், கீழே எடுத்துக்காட்டு வாக்கியம். அவள் எழுதுவாள், நான் சரிபார்ப்பேன். வாக்கியம் பொருந்தாத அட்டையை நான் விடுவதில்லை. அந்த விஷயத்தில் நான் கறார்.

சென்ற மாதம் 'ஒருதலைக் காதலன்' அவள் பங்குக்கு வந்தது. பொருள்: தன்னை விரும்பாதவளை விரும்புகிறவன். குறை சொல்ல ஒன்றுமில்லை. வாக்கியம் இது: 'அவள் மூன்று முறை மறுத்த பின்னும் அந்த ஒருதலைக் காதலன் தினமும் தேநீர் வாங்கி வந்தான்.'

மெய்ப்புப் பார்க்கிறவர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். "பக்கத்துல படமும் போட்டுடலாம். ஆளைத் தேடி எங்கயும் அலைய வேண்டாம்" என்றார். அறையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "நேர்ல சொன்னா உங்களுக்குப் புரியல சார். அதான் எழுதிட்டேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. வாக்கியத்தில் பிழை இருந்தது, அவ்வளவுதான். அவள் மறுக்கவே இல்லை. "வேண்டாம் சார், என்னை விட்டுடுங்க" என்று மூன்று தடவை சொன்னாள். கூச்சப்படுகிற பெண்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

அட்டை அறைக்கு வருடம் ஒரு முறை பூச்சிமருந்துப் புகை போடுவார்கள். சனிக்கிழமை மதியம் போட்டால் திங்கட்கிழமைதான் திறப்பது. உள்ளே ஆள் இல்லை என்று பார்த்துப் பூட்டுவது என் பொறுப்பு. இந்த வருடம் புகை போட்ட அன்று மற்றவர்கள் கிளம்பிய பிறகு அவளிடம், "அந்த அட்டையை அதோட இழுப்பறையில வச்சிட்டுப் போயிடுங்க" என்றேன். கதவிலிருந்து பார்த்தால் கடைசி வரிசை அது. அவள் அங்கே போய்ச் சேர்ந்ததும் பூட்டினேன்.

மருந்துக்காரர் வெளியே குழாயை மாட்டிக்கொண்டே, "உள்ள யாரும் இல்லையே சார்?" என்று கேட்டார்.

"எல்லாரும் போயாச்சு. நீங்க ஆரம்பிங்க."

இயந்திரத்தின் இரைச்சலில் அவருக்குக் கேட்டிருக்காது. கதவை ஒட்டி நின்ற எனக்குக் கேட்டது. முதலில் தட்டினாள். பிறகு "சார், சார்" என்றாள். அப்புறம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான்கு வருடத்தில் அதுதான் முதல் முறை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குரல் நிற்கும்வரை நின்று கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை நான்தான் கதவைத் திறந்தேன். வழக்கம்போல இரண்டு கோப்பை வாங்கி வந்திருந்தேன்.

கொன்றது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் காரணம் என்ற இடத்தில் உங்கள் எழுத்தர் 'ஒருதலைக் காதல்' என்று எழுதியிருக்கிறார். அதை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். அவள் கூப்பிட்டதை நான் காதால் கேட்டவன். பிடிக்காதவனை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், ஐயா.